முதலில் கை, பிறகு குரல்

கதவைச் சாத்திக் கறுப்புத் திரையை இழுத்துவிட்ட பிறகு என் கைகள் காணாமல் போய்விட்டன. மடிமேல்தான் இருக்கின்றன. ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வேர்த்திருக்கின்றன. குனிந்து பார்த்தால் இல்லை. "இருட்டுக்குக் கண்ணு பழகணும்ப்பா. அது வரைக்கும் ரெண்டு பேரும் சும்மா உக்காந்திருங்க" என்று ரயில்வே ஆஸ்பத்திரி டாக்டர் மேடம் சொன்னபோது குரல் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று பிடிபடவில்லை, ஆனால் அவர் நகரும்போது வளையல் உரசுகிறது, கண்ணாடி வளையல், அதை வைத்து அவர் எதிர்ச்சுவர்ப் பக்கம் போகிறார், அங்கே மேஜைமேல் இருக்கும் பெட்டியிடம் போகிறார் என்று தெரிந்துகொள்கிறேன். வெளிச்சம் இருந்தபோது அந்தப் பெட்டியைப் பார்த்தேன். பழைய ரேடியோ அளவில் கறுப்புத் தகரப் பெட்டி, முன்பக்கம் ஒரு சின்ன ஓட்டை, பக்கவாட்டில் திருகுகிற குமிழ்கள். எழுத்துப் பரீட்சை முடித்து, கம்ப்யூட்டரில் அம்பும் கட்டமும் காட்டி மூளையின் வேகத்தை அளக்கிற பரீட்சை முடித்து, சான்றிதழ்களை எல்லாம் காட்டி முடித்து, கடைசியில் இந்த ஓட்டைக்கு எதிரே வந்து உட்கார்ந்திருக்கிறோம். இதில் வெளிச்சம் வரும். என்ன நிறம் என்று சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் உதவி ஓட்டுநராக ரயில் இன்ஜினில் ஏறலாம், தப்பாகச் சொன்னால் பெட்டியில் ஏறி விருத்தாசலத்துக்குத் திரும்பிப் போகலாம். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு ஒவ்வொருவரையும் இருட்டில் ஊறவைத்தால் பொழுது போய்விடும் என்பதால் இரண்டிரண்டு பேராக உள்ளே விடுகிறார்கள். "ஆனா ஒருத்தர் சொல்லும்போது இன்னொருத்தர் மூச்சு விடக் கூடாது. எடுத்துக் குடுக்கறீங்கன்னு தெரிஞ்சா ரெண்டு பேரையும் எழுதி அனுப்பிருவேன். போன தடவை ரெண்டு தடிப்பசங்க அழுதுகிட்டே போனானுங்க" என்று மேடம் சொல்லியிருக்கிறார். அழுத அந்த இருவரின் முகத்தையும் நான் இப்போது இருட்டில் வரைந்து பார்க்கிறேன், இரண்டுக்கும் என் முகம்தான் வருகிறது. பக்கத்து நாற்காலியில் மணவாளன். அவன் மூச்சு கேட்கவே இல்லை. மூச்சு விடக் கூடாது என்றால் விட மாட்டான், அப்படிப்பட்ட ஆள். பள்ளிக்கூடத்தில் எனக்கு இரண்டு வகுப்பு முன்னால் படித்தவன். அடுத்த தடவை அறிவிப்பு வரும்போது அவனுக்கு வயது தாண்டியிருக்கும், அதனால் அவனுக்கு இதுதான் கடைசி. எனக்கு அப்படி இல்லை. ஆனாலும் இரண்டு பேரில் பயந்துகொண்டிருப்பது நான்தான்.

என்ன பயம் என்று மணவாளனிடம் சொன்னதில்லை. மெட்ராஸ் ஐ வந்து இப்போதுதான் கண் தெளிந்திருக்கிறது என்று சாக்குச் சொன்னேன், அது இல்லை. நான் எதையாவது என் கண்ணால் பார்க்கிறேனா என்பதுதான் பயம். ஒரு வருஷமாகத் தினமும் சாயங்காலம் ஜங்ஷன் மேம்பாலத்தில் நின்றோம். சேலம் பக்கம் போகிற வண்டி, கடலூர் பக்கம் போகிற வண்டி, திருச்சிக்குப் போகிறது, சென்னைக்குப் போகிறது, எல்லாம் எங்கள் காலுக்குக் கீழே போகும். மணவாளன் தெற்குப் பக்கம், வண்டியை ஸ்டேஷனுக்குள் விடுகிற சிக்னலைப் பார்த்துக் கையை நீட்டுவான். முழங்கை மடங்காமல், ஆள்காட்டி விரல் நேராக. நீட்டிவிட்டு "ஹோம் சிக்னல், எல்லோ" என்பான். நான் கையை நீட்டி "ஹோம் சிக்னல், எல்லோ" என்பேன். இன்ஜினுக்குள் இப்படித்தான். ஒருத்தர் சிக்னலைப் பார்த்துக் கை காட்டிச் சத்தமாகச் சொல்ல வேண்டும், இன்னொருத்தர் தானும் பார்த்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். வண்டியில் ஆயிரம் பேர் தூங்கிக்கொண்டோ சண்டை போட்டுக்கொண்டோ வருகிறபோது முன்னால் இரண்டு பேர் ஒருவருக்கொருவர் இதைக் கத்திச் சொல்லிக்கொண்டு போகிறார்கள் என்பது எனக்கு முதலில் வேடிக்கையாக இருந்தது. பாலத்துப் படியில் கடலை விற்கிற அக்காவுக்கு அது கடைசி வரை வேடிக்கைதான். "வண்டியே காணோம், யாருக்குடா கை காட்டறீங்க? அந்தப் பக்கம் காலேஜ் பொண்ணுங்க போவுதா?" என்று கேட்கும். மணவாளன் திரும்பாமலே, "ஆமாக்கா, ஒண்ணு மஞ்சத் தாவணி, ஒண்ணு பச்சத் தாவணி" என்பான். "செவப்புத் தாவணி கட்டுன ஒருத்தி வருவா, அன்னிக்கு நின்னுருவீங்கடா ரெண்டு பேரும்" என்று அக்கா சொல்லும், சொல்லிவிட்டு இரண்டு பொட்டலம் கொடுக்கும். நான் சிரிப்பேன். மணவாளன் சிரித்துக்கொண்டே கையை மட்டும் இறக்காமல் நிற்பான், வண்டி சிக்னலைத் தாண்டுகிற வரைக்கும்.

அந்தக் கையைப் பற்றி அவனுக்கு ஒரு கணக்கு இருந்தது. ஒருநாள் நான் கையை நீட்டாமல் வாயால் மட்டும் சொன்னேன். அவனுக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். "முதல்ல கை, பிறகு குரல். அங்க ஒரு விளக்கு இருக்குன்னு கை சொல்லணும். என்னா விளக்குன்னு வாய் சொல்லணும். ரெண்டும் வேற வேற வேலைடா சீலா" என்றான். ஜெயசீலன் என்ற என் பெயரைச் சீலன் என்று கூப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள், சீலா என்று கூப்பிடுவது அவன் மட்டும்தான். இன்னொன்றும் சொன்னான். "நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லாத. நீ பாத்ததைச் சொல்லு. பாக்கலைன்னா வாயைத் தொறக்காத. பாக்காம எனக்கு ஆமாம் போடறவன் வண்டியில வேணாம், அதுக்கு நான் தனியாவே போயிருவேன்." இதில்தான் என் பயம் வந்து மாட்டிக்கொள்கிறது, சட்டை முள்ளில் மாட்டுகிற மாதிரி, எடுக்க எடுக்க வேறோர் இடத்தில் மாட்டுகிறது. ஏனென்றால் எப்போதும் முதலில் சொன்னவன் அவன். என் காதில் எல்லோ என்று விழுந்த பிறகுதான் என் கண் போய் மஞ்சளைப் பார்க்கும். காது சொல்லாமல் இருந்திருந்தால் கண் என்ன பார்த்திருக்கும்? நான் முதலில் சொல்கிறேன் என்று கேட்டிருக்கலாம். ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அவன் சொன்னால் சரியாக இருக்கும். தூரத்தில் சிக்னல் கம்பம் தெரிகிறபோதே சொல்லிவிடுவான், நான் இன்னும் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருப்பேன். கணக்குப் பாடத்திலும் அப்படித்தான், அவன் போட்ட வழியில் போட்டுத்தான் பரீட்சையில் தேறினேன். இன்றைக்கு அவன் வழி இல்லை. இன்றைக்கு அவன் சொன்ன பிறகு நான் வாயைத் திறந்தால் இரண்டு பேரும் வெளியே.

இருட்டில் இப்போது கொஞ்சம் சாம்பல் கலந்திருக்கிறது. ஃபேனின் இறக்கைகள் தெரிகிற மாதிரி இருக்கிறது, அல்லது அதன் சத்தத்தை நான் பார்க்கிறேன். பினாயில் வாசனை, அதற்கு அடியில் ஸ்பிரிட் வாசனை. அந்தப் பெண்ணை நினைத்துக்கொள்கிறேன். அவள் பெயர் தெரியாது. சேலம் போகிற பாசஞ்சரில் உதவி ஓட்டுநராக வந்துகொண்டிருந்தாள். எங்களைவிட நான்கைந்து வயது பெரியவளாக இருப்பாள். வண்டி கிளம்புகிறபோது ஜன்னலுக்கு வெளியே தோள் வரை வந்து பின்னால் கார்டு கொடியைப் பார்த்துவிட்டு, முன்னால் திரும்பி, வண்டியைக் கிளப்பிவிடுகிற சிக்னலை நோக்கிக் கையை நீட்டி, "ஸ்டார்ட்டர், கிரீன்" என்பாள். உள்ளேயிருந்து டிரைவரின் குரல் அதையே சொல்லும். பாலத்தின்மேல் நிற்கிற எங்களுக்குக் கேட்கிற அளவுக்குக் கத்துவாள். ஒரு நாள் அடைமழை, பிளாட்பாரத்தில் ஈ காக்கை இல்லை, அவளைப் பார்க்கவோ பாராட்டவோ ஒரு ஆள் கிடையாது, அன்றைக்கும் தோள் வரை நனைந்துகொண்டு கையை நீட்டிச் சொன்னாள், உள்ளேயிருந்து பதில் வந்த பிறகுதான் கையை உள்ளே எடுத்தாள். மணவாளன் என் முதுகில் தட்டி, "பாத்தியா, பதில் வர்ற வரைக்கும் கை எறங்கல பாரு" என்றான், அவன் சொந்த அக்காதான் அந்த வேலையில் இருக்கிற மாதிரி. அன்றைக்குத்தான் எனக்கு இந்த வேலை வேண்டும் என்று தோன்றியது. அதுவரை அவன் எழுதுகிறான் என்று நானும் எழுதிக்கொண்டிருந்தேன். சம்பளம், குவார்ட்டர்ஸ், பாஸ் எல்லாம் வீட்டில் சொல்கிற காரணங்கள். எனக்கு வேண்டியிருந்தது நான் ஒன்றைச் சொன்னால் அதைச் சரிபார்த்துப் பதில் சொல்ல ஒரு ஆள். அந்த ஆள் மணவாளனாக இருப்பான் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். முட்டாள்தனம்தான், வேலை கிடைத்தாலும் இரண்டு பேரையும் புதிதாகப் போட்டு ஒரே இன்ஜினில் யார் அனுப்புவார்கள்.

ஏன் இப்போது பெயிண்ட் டப்பா ஞாபகம் வருகிறது. மணவாளன் வேலை பார்க்கிற செராமிக் கம்பெனியில் அவனுக்குச் சூளை அடுக்குகிற வேலை. ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அவனைப் பார்க்கப் போயிருந்தேன். பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டுகிற லூர்து அக்கா, தசரா பொம்மை எதற்கோ உதடு வரைந்துகொண்டிருந்தவர், "மணா, அந்தச் செவப்பு டப்பாவை எடுத்தா" என்றார். மணவாளன் ஒரு டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தான். அக்கா திறந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "பழுப்பைக் குடுக்கறான் பாரு. சாமிக்கு வெத்தலக் கறை படிஞ்ச வாயி ஆயிடும்டா. இவனை நம்பி ரயிலு வேற குடுக்கப் போறாங்களாம்." எல்லோரும் சிரித்தார்கள், மணவாளனும் சிரித்தான், நானும். டப்பாக்களை யாரோ இடம் மாற்றி வைத்துவிட்டார்கள் என்று அவன் சொன்னான். இடம் மாற்றி வைத்துவிட்டார்கள். அந்தச் சொல்லை ஏன் நான் இந்த இருட்டில் மறுபடி எடுத்துப் பார்க்கிறேன். பிறகு அந்த போன். புள்ளிகளுக்கு நடுவில் எண் ஒளிந்திருக்கும் படங்களை அவன் போனில் பார்த்தோம், அவனுக்கு இரண்டு மூன்று படங்களில் எண் தெரியவில்லை, எனக்குத் தெரிந்தது. "ஸ்கிரீன் ஒடஞ்சி கெடக்கு, இதுல காந்தி தாத்தாவே தெரிய மாட்டாரு" என்றான். ஸ்கிரீன் உடைந்துதான் இருந்தது. அந்தப் படங்கள் இன்றைக்கும் இருக்கின்றன, இந்த அறை முடிந்த பிறகு அடுத்த அறையில். அவன் சிக்னலை ஒருநாளும் தப்பாகச் சொன்னதில்லை. ஒருநாளும். கம்பத்தில் கீழே இருப்பது சிவப்பு, அதற்கு மேலே மஞ்சள், அதற்கும் மேலே பச்சை, எந்தக் கம்பமாக இருந்தாலும் அப்படித்தான், அதனால்தான் அவ்வளவு தூரத்திலிருந்தே அவனால்

வேண்டாம். இதை யோசிக்க வேண்டாம். நான் என் கண்ணைப் பார்த்துக்கொள்கிறேன். "யாருப்பா முதல்ல?" என்று மேடம் கேட்கிறார். "நான் மேடம்" என்று மணவாளன் சொல்கிறான். எப்போதும் போல. நாற்காலி கிறீச்சிடுகிறது, அவன் முன்னால் நகர்ந்து உட்கார்ந்திருப்பான், அவன் சட்டை என் முழங்கையை உரசிவிட்டுப் போகிறது. குமிழ் திரும்புகிற சத்தம், கூடவே வளையல். இருட்டுக்கு நடுவில் ஒரு ஊசி முனை. எவ்வளவு சின்னது. அதற்குக் கம்பம் கிடையாது, மேலே கீழே கிடையாது, ஒரே ஓட்டை, ஒரே இடம். பச்சை. "கிரீன்" என்கிறான் மணவாளன். சரி. என் உதடு ஒட்டிக்கொண்டிருக்கிறது, பல்லால் கடித்து வைத்திருக்கிறேன். குமிழ் திரும்புகிறது. மஞ்சள். "எல்லோ." சரி. நான் மனதுக்குள் எல்லோ என்கிறேன், பாலத்தில் சொல்கிற மாதிரி, என் வலது கை மடியிலிருந்து தானாகக் கொஞ்சம் எழுந்து மறுபடி படுக்கிறது. சிவப்பு. இந்தத் தடவை ஓட்டை அகலமாகி, நல்ல பெரிய வெளிச்சமாக. ஒரு கணம் தாமதம். "ரெட்." சரி, சரி, டப்பாவாவது போனாவது, நான் ஒரு மடையன். மறுபடி பச்சை. "கிரீன்." அவன் குரல் பாலத்தில் இருந்த மாதிரியே இருக்கிறது, அதே சத்தம், அதே நிதானம், மேடம் பக்கத்தில்தானே இருக்கிறார் என்று குறைத்துக்கொள்ளவில்லை. எனக்குப் பெருமையாக இருக்கிறது. "இப்ப மூடுபனிக் கண்ணாடி போடறேன். வெளிச்சம் மங்கலாத்தான் வரும். அவசரப்படாத, தெரிஞ்சதைச் சொல்லு" என்கிறார் மேடம். ஏதோ ஒன்று தகரத்தில் செருகிக்கொள்ளும் சத்தம். வெளிச்சம் வருகிறது. மங்கல். மார்கழியில் மணிமுத்தாறு பாலத்துக்கு அந்தப் பக்கம் நிற்கிற வண்டியின் கடைசிப் பெட்டி விளக்கு மாதிரி, இருக்கிறதா இல்லையா என்று நினைக்கவைக்கிற மாதிரி. மணவாளன் பேசவில்லை. ஃபேன் சுற்றுகிறது. பிறகு, உரக்க, முழுசாக, "எல்லோ" என்றான்.

"ரெட்" என்றேன்.

நான் சொல்லவில்லை. வாய் சொன்னது. ஒரு வருஷமாக அவன் சொன்ன பிறகு சொல்லிப் பழகிய வாய், அவன் நிறுத்துகிற இடத்தில் ஆரம்பிக்கப் பழகிய வாய், கடித்து வைத்திருந்த பல்லை விலக்கிக்கொண்டு சொல்லிவிட்டது, அதுவும் அவன் சொன்னதை அல்ல. நான் பார்த்ததை. காது எல்லோ என்று கேட்டது, கேட்ட பிறகும் கண் அங்கே சிவப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது, இப்போதும் சிவப்பைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது. என் கண் என்னுடையதுதான் என்று தெரிந்துகொள்வதற்கு இந்த உலகத்தில் வேறு நேரமே கிடைக்கவில்லையா. எடுத்துக்கொடுத்தால் இரண்டு பேரும். இரண்டு பேரும். வளையல் அசையாமல் இருக்கிறது. மேடத்தின் குரல், கோபமாகக்கூட இல்லை, சலிப்பாக வருகிறது: "என்னப்பா, எல்லோங்கற, ரெட்டுங்கற. மாத்திச் சொன்னா எப்படி? ஒண்ணு சொல்லு. உன் பதில் என்ன?" ஒரு கணம் புரியவில்லை. பிறகு புரிந்தது. இரண்டையும் மணவாளன்தான் சொன்னான் என்று நினைக்கிறார். இருட்டில் எங்கள் இரண்டு பேர் குரலும் ஒன்றாக இருந்திருக்கிறது, ஒரு வருஷம் ஒரே சொற்களை ஒரே மாதிரி கத்தினால் அப்படித்தான் ஆகும் போலிருக்கிறது. அப்படியானால் தப்பித்தோம். அப்படியானால் அவன் ஒரே ஒரு சொல் சொன்னால் போதும், நான் கையில் கொடுத்துவிட்ட சொல். ரெட் என்று சொல்லிவிட்டால் அவன் வேலை, என் வேலை இரண்டும் பிழைக்கும், யாருக்கும் தெரியாது. சொல்லுடா. நான் சொன்னது சரி என்று உனக்குத் தெரியும். உன் கண்ணைவிட என் கண் நல்லது என்று நீயே ஒருநாள் சொன்னாய், கடலையைக் கொறித்துக்கொண்டு, நான் கேலி என்று நினைத்தேன். கேலி இல்லை போலிருக்கிறது. சொல்லு மணா.

"எல்லோ மேடம்" என்றான் மணவாளன்.

குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. வளையல் அசைந்தது. "நல்லாப் பாத்துச் சொல்லுப்பா. திருப்பிக் காட்டறேன்." குமிழ் எங்கெங்கோ சுற்றி வந்தது, பச்சை வந்து போனது, அதைச் சரியாகச் சொன்னான், மறுபடி அந்த மங்கல் சிவப்பு. அது அங்கே நின்றுகொண்டிருந்தது. மேடத்துக்கு அவனைத் தேறவைத்துவிட ஆசை என்று எனக்குத் தோன்றியது, விளக்கை எடுக்காமல் வெகுநேரம் வைத்திருந்தார். "எனக்கு எல்லோவாத்தான் தெரியுது மேடம்." தெரியுது. அந்தச் சொல்லைச் சேர்த்துச் சொன்னான். பிறகு பேனா காகிதத்தில் ஓடுகிற சத்தம், நீளமாக எதுவும் இல்லை, ஒரு சொல் அளவுக்குத்தான். "சரி. நீ பின்னால போய் அந்தச் சுவரோரமா உக்காருப்பா. இப்பக் கதவைத் திறந்தா இந்தப் பையன் கண்ணு இருட்டுக்குப் பழகினது கெட்டுடும், இவனையும் முடிச்சிட்டுத் திறக்கறேன்." நாற்காலி கிறீச்சிட்டது. அவன் என் பின்னால் போகிறான். போகிறபோது அவன் கை என் தோளில் பட்டது, வழி தேடுகிற கைதான், வேண்டுமென்று வைத்ததா என்று எனக்குத் தெரியாது. தோளில் அந்த இடம் மட்டும் சூடாக இருக்கிறது.

என் நாற்காலியை முன்னால் நகர்த்துகிறேன். சொல்லிவிடலாமா. மேடம், ரெட் என்று சொன்னது நான்தான். சொன்னால் என்ன ஆகும், நானும் போவேன், அவனுக்குத் திரும்ப ஒன்றும் கிடைக்காது. அவன் அதையும் யோசித்திருப்பான். யோசிக்க எவ்வளவு நேரம் இருந்தது அவனுக்கு, மேடம் கேட்டதற்கும் அவன் சொன்னதற்கும் நடுவில் ஃபேன் இறக்கை ஒரு சுற்றுச் சுற்றியிருக்குமா. அதற்குள் என்னையும் மறைத்து, தன்னையும் கொடுத்து. இல்லை, அவன் எதையும் யோசித்திருக்க மாட்டான் என்றும் தோன்றுகிறது, அதுதான் எனக்கு இன்னும் பெரிதாக இருக்கிறது. பாக்கலைன்னா வாயைத் தொறக்காத. நீ பாத்ததைச் சொல்லு. பாலத்துக்கு மேலே, கடலைத் தோல் பறக்க, எவனோ கேட்பதற்காகச் சொல்லாமல், எனக்காகக்கூடச் சொல்லாமல் அவன் தனக்கே சொல்லிக்கொண்டிருந்தது அது. அவனுக்குச் சந்தேகம் இருந்திருக்கும். டப்பா அன்றைக்கு இல்லாவிட்டாலும் போன் அன்றைக்கு. இருந்தும் வந்தான். கம்பமில்லாத ஒரு விளக்கின் எதிரே ஒரு தடவையாவது உட்கார்ந்து பார்த்துவிட வேண்டும் என்று வந்திருப்பான். அந்த மழைப் பெண்ணை எந்தக் கண்ணால் பார்த்தானோ அந்தக் கண்ணால்தான் இந்த விளக்கையும் பார்த்தான். ரெட் என்று சொல்லியிருந்தால் ஒருநாள் அவன் இன்ஜினில் ஏறியிருப்பான், மார்கழிப் பனியில் ஒரு கம்பத்தின் விளக்கு கண்ணில் படும், கம்பம் தெரியாது, பின்னால் ஆயிரம் பேர். எனக்கு இது இப்போதுதான் தோன்றுகிறது. அவனுக்கு அப்போதே தோன்றியிருக்கும், அல்லது அவன் வாய்க்குத் தோன்றியிருக்கும்.

"ஆரம்பிக்கலாமாப்பா?" "ஆரம்பிக்கலாம் மேடம்." என் குரல் எனக்கே வேறு மாதிரி கேட்கிறது, இனி யாருடைய குரலோடும் குழம்பாது. குமிழ் திரும்புகிறது. மஞ்சள். என் கை மடியிலிருந்து எழுகிறது, தடுக்கவில்லை, முழங்கை மடங்காமல் நேராக நீள்கிறது. இருட்டில் யார் பார்க்கப் போகிறார்கள். "எல்லோ" என்கிறேன், பாலத்தில் சொன்ன அளவுக்கு உரக்க. பிறகு நிற்கிறேன். எதற்கு நிற்கிறேன் என்று ஒரு கணம் தெரியவில்லை. பின்னாலிருந்து அது வர வேண்டும். வரவில்லை. "ம், அடுத்தது" என்கிறார் மேடம். பச்சை. "கிரீன்." மறுபடி அந்த இடைவெளி. அவன் சொல்ல மாட்டான். நான் சொல்லி முடித்த பிறகு அவன் முணுமுணுத்தாலும் குற்றம் ஒன்றுமில்லை, அவனை இனி எழுதி அனுப்ப ஒன்றும் பாக்கியில்லை. ஆனாலும் சொல்ல மாட்டான். பச்சை அவனுக்குத் தெரியும், பச்சைக்குச் சொல்லிவிட்டுச் சிவப்புக்குச் சொல்லாமல் இருந்தால் நன்றாக இருக்காது என்று இதற்கும் சொல்லாமல் இருக்கிறான் போலிருக்கிறது. அல்லது அவன் அங்கே கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறான். அல்லது அழுகிறான். அழுதால் எனக்குக் கேட்கும், அவன் மூச்சுகூடக் கேட்கவில்லை. "என்னப்பா, ஒவ்வொண்ணு சொன்ன பிறகும் யோசிக்கற மாதிரி நிக்கற? சந்தேகமா?" "இல்ல மேடம். பழக்கம்." "என்ன பழக்கமோ." மூடுபனிக் கண்ணாடி தகரத்தில் செருகிக்கொள்கிறது. அது வந்து நிற்கிறது. மங்கல். இருக்கிறதா இல்லையா என்கிற மாதிரி. நான் அதைப் பார்க்கிறேன். அவசரப்படவில்லை. அவன் இதில் மஞ்சளைப் பார்த்தான், எனக்கும் அது மஞ்சளாகத் தெரியட்டும் என்று ஒரு கணம், ஒரே ஒரு கணம் ஆசைப்பட்டேன். தெரியவில்லை. "ரெட்" என்கிறேன். என் குரல் சுவரில் பட்டுத் திரும்பி எனக்கே வருகிறது. இடைவெளி. இந்த இடைவெளியை அவன் எனக்காகக் காலியாக வைத்திருக்கிறான், பொய்யாக நிரப்ப மாட்டான், இதுவும் ஒரு பதில்தான், இதைவிடச் சரியான பதிலை இனி எந்த இன்ஜினிலும் எனக்கு யாரும் சொல்லப் போவதில்லை என்று தோன்றியது. அடுத்தது பச்சை. சொன்னேன்.

"அவ்வளவுதான்ப்பா. நல்லாச் சொன்ன" என்றார் மேடம். பேனா ஓடியது. பிறகு வளையல் சுவர்ப்பக்கம் போனது, சுவிட்ச் தட்டுகிற சத்தம், வெளிச்சம் கண்ணுக்குள் மண்ணை வாரிப் போட்ட மாதிரி விழுந்தது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு பின்னால் திரும்பினேன். சுவரோரம் பெஞ்சில் மணவாளன் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். கண் திறந்திருந்தது, உதடு மூடியிருந்தது. அவன் வலது கை முழங்கை மடங்காமல் பெட்டியின் ஓட்டையை நோக்கி நேராக நீண்டிருந்தது. விளக்கு அணைந்துவிட்டது என்று தெரிந்த பிறகுதான் அதை இறக்கினான்.